பன்னிரண்டு லட்சமும் பதின்மூன்றாவது புளியங்கொட்டையும்

2025 பிப்ரவரி 1 ஒரு சனிக்கிழமை. ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் நிதிநிலை அறிக்கையை வாசித்து முடிப்பதற்குள் எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற படம் நாலைந்து முறை வந்துவிட்டது. வாழ்த்துகள், கைகூப்பிய படங்கள், ஒரு கேலிச் சித்திரம். பொருளியல் பாட முதுகலை ஆசிரியர் என்பதால் என்னிடம் நாலு பேர் தனியாக விளக்கம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினேன். அந்தத் திங்கட்கிழமை நான் சொன்னதில் ஒரு தவறு இருந்தது. அந்தத் தவறைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

ஆசிரியர் அறையில் முதல் கேள்வியை வரலாற்று ஆசிரியர் தொடங்கினார். பிப்ரவரி மாதம் என்பதால் வருமான வரிக் கணக்குப் படிவத்தை நிரப்பிக் கையில் வைத்திருந்தார். “சார், இந்த மாசம் பிடித்தம் வேண்டாம்னு ஹெச்.எம்.கிட்ட சொல்லிடலாமா? அதான் 12 லட்சம் வரைக்கும் இல்லேன்னு சொல்லிட்டாங்களே!”

சொல்ல முடியாது. பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விகிதங்கள் ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு, அதாவது 2025-26 நிதியாண்டுக்கு. அவர் கையில் இருந்த படிவமோ 2024-25க்கு உரியது. அந்த ஆண்டுக்குப் புதிய வரி முறையில் வரித் தள்ளுபடியின் எல்லை 7 லட்சம்தான். அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 12 லட்சம். நிலைக்கழிவு 75,000 போக 11 லட்சத்து 25 ஆயிரம். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000. அடுத்த 3 லட்சத்துக்கு 10 சதவீதம் 30,000. மீதி ஒன்றேகால் லட்சத்துக்கு 15 சதவீதம் 18,750. கூட்டினால் 68,750. அதன்மேல் 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் 2,750. ஆக 71,500 ரூபாய். படிவத்தில் அவரும் அதே தொகையைத்தான் எழுதியிருந்தார். ஆனால் சனிக்கிழமை முதல் அந்தத் தொகையை நம்ப மறுத்துக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் கொண்டாடியதற்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இரண்டாவது கேள்வி கணித ஆசிரியையுடையது. அவர் அட்டவணையைப் பார்த்திருந்தார். “12 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கிறாங்க. அட்டவணையில 4 லட்சத்துக்கு மேல 5 சதவீதம், 8 லட்சத்துக்கு மேல 10 சதவீதம்னு இருக்கு. ரெண்டுல ஒண்ணுதானே சார் சரியா இருக்க முடியும்?”

அன்று வந்த கேள்விகளிலேயே இதுதான் சரியான கேள்வி. பதில், இரண்டும் சரி என்பதே. செய்தி பார்த்து மகிழ்ந்தவர்களும் அட்டவணை பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைத்தவர்களும் ஒன்றுக்கொன்று வேறான இரண்டு ஏற்பாடுகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். 2019 பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ‘5 லட்சம் வரை வரி இல்லை’ என்று அறிவிக்கப்பட்டபோதும் இதே குழப்பம் வந்தது. அப்போதும் வரி விலக்கு வரம்பு இரண்டரை லட்சத்திலேயேதான் இருந்தது. உயர்த்தப்பட்டது தள்ளுபடியின் எல்லை.

விலக்கு வரம்பு என்பது எல்லோருக்கும் பொது. புதிய வரி முறையில் 2025-26 முதல் அது 4 லட்சம். கோடி ரூபாய் சம்பாதிப்பவருக்கும் அவருடைய முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் அடுக்கடுக்காக: 4 முதல் 8 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். தள்ளுபடி அப்படிப்பட்டதல்ல. கணக்கிட்ட வரியை, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு மட்டும் அரசு விட்டுக்கொடுக்கிறது. 12 லட்சம் வருமானத்துக்கு அட்டவணைப்படி வரி 20,000 கூட்டல் 40,000, ஆக 60,000. தள்ளுபடியின் உச்ச அளவும் அதே 60,000. கழித்தால் பூஜ்யம். சம்பளக்காரருக்கு நிலைக்கழிவு 75,000 இருப்பதால் 12 லட்சத்து 75 ஆயிரம் சம்பளம் வரை இந்தப் பூஜ்யம் நீள்கிறது. பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

“அப்படின்னா பேசாம விலக்கு வரம்பையே 12 லட்சம்னு வச்சுட்டா என்ன?” என்று ஆசிரியை விடவில்லை. வைக்கலாம். அப்போது 50 லட்சம் சம்பாதிப்பவருக்கும் முதல் 12 லட்சத்துக்கு வரி இல்லாமல் போய்விடும். தள்ளுபடி என்பது ஒரு கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கும் சலுகை. ஆனால் கோடு என்று ஒன்று போட்டால், கோட்டுக்கு ஒரு ரூபாய் மேலே நிற்பவர் என்ன ஆவார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

அதைத்தான் வரலாற்று ஆசிரியர் மறுபடி கேட்டார். அடுத்த நிதியாண்டில் ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேர்ந்து அவர் சம்பளம் 12.75 லட்சத்தைத் தொட்டுவிடும். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் பணிக்குக் கிடைக்கும் உழைப்பூதியம் அதன்மேல் ஏறும். “ஒரு பத்தாயிரம் வாங்கப்போய் அறுபதாயிரம் கட்டணுமா சார்? இந்த வருஷம் திருத்தவே போகலேன்னு எழுதிக் கொடுத்திடலாம்னு பாக்கிறேன்.”

நான் சிரித்தேன். இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்ததையே சொன்னேன்: “அடுக்கு வரியில கூடுதலா சம்பாதிச்சு யாரும் நஷ்டப்பட முடியாது சார். மேல் அடுக்கு விகிதம் மேல் அடுக்குப் பணத்துக்கு மட்டும்தான்.” எல்லோரும் தலையாட்டினார்கள். மணி அடித்தது.

தரையில் கட்டங்கள்

அன்று நான்காவது பாடவேளை பன்னிரண்டாம் வகுப்பு. திருப்புதல் நடந்துகொண்டிருந்த நேரம். நிதிப் பொருளியல் பாடத்தில் விகிதாச்சார வரி, வளர்வீத வரி, தேய்வுவீத வரி ஆகியவற்றை மாணவர்கள் வரையறையாக ஒப்பிப்பார்கள். கணக்காகக் கேட்டால் திணறுவார்கள். ‘வளர்வீத வரி என்றால் வருமானம் கூடக்கூட வரி விகிதம் கூடும்’ என்று எழுதிவிட்டு, 13 லட்சத்துக்கு வரி கேட்டால் 13 லட்சம் முழுவதையும் 15 சதவீதத்தால் பெருக்கி 1,95,000 என்று விடை எழுதுவார்கள். படித்த பெரியவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். வரி பற்றிய பயத்தில் பெரும்பகுதி இந்தப் பெருக்கலில் இருந்துதான் வருகிறது. 1970களின் தொடக்கத்தில் நம் நாட்டில் உச்ச வருமான வரி விகிதம் சர்சார்ஜ் சேர்த்து 97.75 சதவீதம் வரை போனது. அதைக் கேட்டதும் ‘நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சியதா’ என்று மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். உச்ச அடுக்குக்குள் விழுந்த ரூபாய்க்குத்தான் அந்த விகிதம். (அப்படியும் அது தாங்க முடியாத விகிதம்தான். மறைப்பதற்கே அது தூண்டுகிறது என்று வாஞ்சூ குழு 1971இல் சொன்ன பிறகு 77 சதவீதத்துக்கு இறக்கினார்கள்.)

சத்துணவுக் கூடத்தில் இருந்து ஒரு கை புளியங்கொட்டை வாங்கி வந்தேன். ஒரு கொட்டை ஒரு லட்சம். தரையில் சுண்ணக்கட்டியால் வரிசையாகக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் நாலு கொட்டைதான் கொள்ளும் என்று விதி வைத்தேன். முதல் கட்டத்தில் ‘0’ என்று எழுதினேன், அடுத்ததில் 5, பிறகு 10, 15. ஒரு மாணவனிடம் 9 கொட்டைகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். முதல் கட்டம் நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது, மூன்றாவதில் ஒன்று விழுந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் 10 சதவீதம் என்று அவனே சொன்னான். 13 லட்சத்துக்கு 1,95,000 என்று எழுதியிருந்த பையன்தான். இதை எந்த விளக்கப்படமும் இவ்வளவு விரைவாகச் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு தள்ளுபடியைச் சொன்னேன். மூன்று கட்டங்களுக்குள் கொட்டைகள் அடங்கிவிட்டால் வரிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். நான்காவது கட்டத்தில் ஒன்று விழுந்தாலும் கிழிக்கக் கூடாது. கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், அப்ப பதிமூணாவது கொட்டை வைக்கிறப்ப, அந்தக் கொட்டைக்கு மட்டும் இல்லையே? கிழிக்காம விட்ட சீட்டுக்கும் சேத்துத்தானே கட்டணும்? அந்தக் கொட்டையில கொஞ்சூண்டு உடைச்சு வச்சாலும் அப்படித்தானா?”

ஆசிரியர் அறையில் நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் சொன்னது அடுக்குக்குச் சரி, தள்ளுபடிக்குச் சரியல்ல. அடுக்கில் படிகள் உண்டு. தள்ளுபடியின் ஓரத்தில் இருப்பதோ பள்ளம். ‘நாளைக்குப் பதில் சொல்கிறேன்’ என்று அந்த மாணவியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து நிதி மசோதாவின் விளக்கக் குறிப்பைப் படித்தேன். அந்தப் பள்ளத்துக்குப் பாலம் போட்டிருந்தார்கள். மார்ஜினல் ரிலீஃப் என்று கணக்காளர்கள் சொல்லும் ஏற்பாடு அது: வருமானம் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால், கட்ட வேண்டிய வரி தாண்டிய தொகையை மீறக் கூடாது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அட்டவணைப்படி வரி 61,500. ஆனால் தாண்டியது 10,000 என்பதால் வரியும் 10,000தான். இந்த நிவாரணம் ஏறத்தாழ 12,70,588 ரூபாய் வருமானம் வரை உதவுகிறது. அதற்கு மேல் அட்டவணை வரியே குறைவாகிவிடும். 13 லட்சம் என்றால் வரி 75,000.

ஆக வரலாற்று ஆசிரியருக்கு 60,000 பறிபோகாது. ஆனால் செஸ் இருக்கிறதே. 10,000 வரியின் மேல் 4 சதவீதம் 400 ரூபாய். 10,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தவர் 10,400 ரூபாய் கட்டுவார். 12 லட்சத்துக்கும் 12.7 லட்சத்துக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய சந்தில், கூடுதலாகச் சம்பாதித்துக் கையில் குறைவாகக் கொண்டுபோவது நடக்கவே செய்கிறது. பழைய வரி முறையில் 5 லட்சத்தின் ஓரத்தில் இந்தப் பாலமும் கிடையாது. கோட்டைத் தாண்டிய பத்து ரூபாய்க்கு 12,500க்கு மேல் கட்ட வேண்டியதுதான்.

மறுநாள் ஆசிரியர் அறையில் முதல் வேலையாக இதைச் சொன்னேன். என் மரியாதை 400 ரூபாய்க்குக் குறைந்துவிட்டது என்றார் கணித ஆசிரியை. நான் சிரித்ததை நம்பி ஒருவர் முடிவெடுத்திருந்தால் அவருக்கு வரும் நஷ்டம் சிறியதுதான். எனக்கு உறைத்தது வேறு. அவருடைய பயத்தை அறியாமை என்று நினைத்துவிட்டேன். அவர் பயந்த தொகைதான் தவறு. பயந்த இடம் சரியான இடம்.

சென்னையில் இருந்து ஓர் எதிர்ப்பு

வரி மாறும்போது சத்தம் எழுவது இந்த நாட்டில் வருமான வரியின் வயதுள்ள வழக்கம். 1857 எழுச்சிக்குப் பின் கடனில் தத்தளித்த ஆங்கில அரசின் கணக்கைச் சரிசெய்ய ஜேம்ஸ் வில்சன் லண்டனில் இருந்து வந்தார். 1860 பிப்ரவரி 18 அன்று முதல் நிதிநிலை அறிக்கையை வைத்தார். ஆண்டு வருமானம் 200 முதல் 500 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். எதிர்த்தவர்களில் பெரியவர் யார் தெரியுமா? சென்னை மாகாண ஆளுநர் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். புதிய வரி தேவையில்லை, செலவைக் குறைக்கலாம் என்பது அவர் வாதம். அரசுக்குள்ளேயே எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் தம் மறுப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். உடனே லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்துபோனார். சில ஆண்டுகளில் வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்புக்கு ட்ரெவெல்யனே வந்தார் என்பதும், 1865இல் அந்த வரி காலாவதியாக விடப்பட்டது என்பதும் வரலாற்றின் குறும்பு. வரலாற்று ஆசிரியருக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். மக்கள் எதிர்ப்பால் வரி மாறுமா என்று மாணவர்கள் கேட்டால் நான் இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, 2016 பிப்ரவரி 29. வருங்கால வைப்பு நிதியில் அந்த ஏப்ரல் 1க்குப் பிறகு சேரும் தொகையை எடுக்கும்போது அதில் 60 சதவீதத்துக்கு வரி என்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். அந்தப் பணத்தில் ஓய்வூதியத் திட்டம் வாங்கினால் வரி இல்லை. நோக்கம், முதுமையில் மாதாமாதம் பணம் வர வேண்டும் என்பது. ஆனால் மகள் திருமணத்துக்கும் வீட்டுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்த சம்பளக்காரர்களிடம் அந்த நோக்கம் எடுபடவில்லை. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தன. ‘அசலுக்கு இல்லை, வட்டிக்கு மட்டும்’ என்று நடுவில் ஒரு விளக்கம் வந்தது. அது குழப்பத்தைக் கூட்டியது. மார்ச் 8 அன்று மக்களவையில் அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. எட்டே நாள்.

இன்னொன்று, 2024 ஜூலை 23. வீடு, மனை விற்ற நீண்டகால லாபத்துக்கு அதுவரை 20 சதவீத வரி. ஆனால் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடலாம். புதிய அறிவிப்பில் விகிதம் 12.5 ஆகக் குறைந்தது. விலையை உயர்த்திக்கொள்ளும் உரிமை போய்விட்டது. குறைத்திருக்கிறார்கள் என்று சிலரும் கூட்டிவிட்டார்கள் என்று சிலரும் சண்டையிட்டார்கள். வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரு தரப்பும் சரி. 2001-02இல் 5 லட்சத்துக்கு வாங்கிய மனை. அந்த ஆண்டின் பணவீக்கக் குறியீடு 100, 2024-25க்கு 363. எனவே வாங்கிய விலை 18.15 லட்சமாக உயர்கிறது. 20 லட்சத்துக்கு விற்றால் லாபம் 1.85 லட்சம், பழைய முறையில் வரி 37,000. புதிய முறையில் லாபம் 15 லட்சம், வரி 1,87,500. அதே மனை 60 லட்சத்துக்கு விலைபோனால் பழைய முறையில் 8,37,000, புதிய முறையில் 6,87,500. விலை வேகமாக ஏறாத ஊர்களில் மனை வைத்திருந்தவர்களுக்குத்தான் அடி. நகரத்து மனைக்காரர் மகிழ்ந்ததிலும் சிற்றூர்க்காரர் கொதித்ததிலும் நியாயம் இருந்தது. ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் நிறைவேறிய திருத்தத்தின்படி, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்றானது.

எல்லா எதிர்ப்பும் வென்றதாக நினைக்க வேண்டாம். 2012இல் நகைகள் மீதான ஒரு சதவீத உற்பத்தி வரியை எதிர்த்து நகைக்கடைகள் மூடப்பட்டபோது அரசு திரும்பப் பெற்றது. 2016இல் அதேபோன்ற வரிக்குப் பல வாரங்கள் கடையடைத்தும் வரி நீடித்தது.

“எங்களுக்கு என்னங்க சார்?”

புளியங்கொட்டை வாங்கப் போனபோது சத்துணவு சமையலர் அக்கா கேட்டது இது. நாட்டின் பெரும்பாலான குடும்பங்களைப் போல அவரும் வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் அரசுக்கு வரியே கட்டாதவர் அல்ல. குளிக்கும் சோப்புக்கு அன்று 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. சோப்புக்கு அவரும் தலைமையாசிரியரும் ஒரே வரிதான் கட்டினார்கள். மாதம் சில ஆயிரம் வாங்குபவருக்கும் ஒரு லட்சம் வாங்குபவருக்கும் அந்தச் சில ரூபாய் வரி ஒரே சுமை அல்ல. தேய்வுவீத வரியின் இயல்பு என்ன என்பதற்குப் பாடநூலில் இருப்பதைவிட இந்தச் சோப்பு நல்ல உதாரணம்.

நிதிநிலை அறிக்கை நாளில் தொலைக்காட்சிகள் ‘விலை குறையும், விலை கூடும்’ என்று பட்டியல் போடுகின்றன. ஜி.எஸ்.டி. வந்த 2017க்குப் பிறகு அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் சுங்க வரிக்கு உட்பட்ட பொருள்கள். சோப்பும் பென்சிலும் அங்கே தீர்மானிக்கப்படுவதில்லை. ஒன்றிய, மாநில நிதியமைச்சர்கள் சேர்ந்த ஜி.எஸ்.டி. மன்றத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. அந்த மன்றம் 2025 செப்டம்பர் 3 அன்று எடுத்த முடிவால், செப்டம்பர் 22 முதல் சோப்பு 5 சதவீதத்துக்கு இறங்கியது. பென்சில், அழிப்பான், குறிப்பேடு, வண்ணக் கிரேயான், நிலவரைபடம், உலக உருண்டை ஆகியவற்றுக்கு வரியே இல்லை என்றானது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கடை விளையாட்டு நடத்தும்போது பழைய ரசீது ஒன்றையும் புதிய ரசீது ஒன்றையும் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம். ரசீதின் அடியில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பாதிப் பாதியாக இரண்டு வரிகள் இருக்கும். நான்காம் வகுப்புக் குழந்தைக்குச் சதவீதம் தெரிய வேண்டியதில்லை. பொருளின் விலைக்குக் கீழே இன்னொரு தொகை ஏன் இருக்கிறது என்று அதுவே கேட்கும்.

அக்காவின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2025 பிப்ரவரி மாற்றங்களால் நேர்முக வரியில் ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய் வருவாய் கைவிடப்படுகிறது என்று நிதியமைச்சர் உரையிலேயே சொன்னார். அந்தப் பணம் மக்கள் கையில் நின்று செலவாகும், சேமிப்பாகும் என்பது அரசின் கணக்கு. வருமான வரியில் செஸ், சர்சார்ஜ் நீங்கலான பகுதி மாநிலங்களோடு பகிரப்படுவது. 15ஆவது நிதிக்குழுவின்படி மாநிலங்களின் பங்கு 41 சதவீதம். அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். நேர்க்கணக்காகப் போட்டால் ஒரு லட்சம் கோடியில் தமிழ்நாட்டுக்கு வரக்கூடியது ஏறத்தாழ 1,670 கோடி ரூபாய். செலவு கூடி ஜி.எஸ்.டி. வசூல் பெருகினால் இதில் ஒரு பகுதி வேறு வழியில் திரும்பி வரலாம். கணக்கு இவ்வளவு நேராகவும் இருக்காது. ஆனாலும் என் கையில் மிச்சமான வரிப்பணமும் எங்கள் பள்ளிக்கு வர வேண்டிய வகுப்பறைக் கட்டடமும் ஒரே பையில் இருந்துதான் வருகின்றன என்பதை நான் அன்றுதான் ரூபாய்க் கணக்கில் பார்த்தேன். நாம் சேமித்த 71,500ஐக் கொண்டாடியபோது எங்கள் குழுவில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும்தான்.

பழைய வரி முறையா புதியதா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு ஒரு சொல். வீட்டுக் கடன் வட்டி, 80சி சேமிப்பு, வீட்டு வாடகைப்படி எல்லாம் பெரிதாக இருந்தால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே தேர்ந்தெடுங்கள். பொது வருங்கால வைப்புக்குப் பணம் போடுவதை ‘இனி வரிச் சலுகை இல்லை’ என்று நிறுத்தப் பார்க்கும் இளம் ஆசிரியர்களைக் காண்கிறேன். வரிக்காக மட்டுமா நாம் சேமித்தோம்? இன்னொன்று: 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருகிறது. 80சி, 87ஏ என்று நாம் மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் மாறிவிடும்.

வரலாற்று ஆசிரியர் ஏப்ரலில் விடைத்தாள் திருத்தப் போனார். இந்த முறை பிப்ரவரி வரை காத்திராமல் டிசம்பரிலேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். சம்பளம், அகவிலைப்படி, உழைப்பூதியம் எல்லாம் சேர்த்து நிலைக்கழிவு போக 11,98,200. வரி பூஜ்யம் என்று அடியில் இரட்டைக்கோடு போட்டிருந்தார். சேமிப்புக் கணக்கு வட்டியைச் சேர்த்தீர்களா என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து பார்த்தார். 4,900 ரூபாய். புதிய முறையில் அதற்குக் கழிவு கிடையாது. அவரே இரட்டைக்கோட்டை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 12,03,100, தாண்டியது 3,100, செஸ் 124, பத்துக்கு முழுமையாக்கினால் 3,220. பிறகு மேலே பார்க்காமலே கேட்டார்: “அந்தக் கடைசி வரிசைப் பொண்ணு எங்க சார் சேர்ந்திருக்கா, பி.காமா?”

பி.ஏ. பொருளியல் என்றேன்.